கேள்வி – பதில்: போன படை ஏன் சீக்கிரம் திரும்ப மாட்டேங்குது?

இந்த இதழுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல உள்நாட்டுப் போர் நடக்குற நாட்டுல வெளிநாட்டுப் படை இறங்குறதைப் பத்திதான். சூடான் நியூஸ் பாத்து நிறைய பேர் தூக்கம் கெட்டிருக்காங்கன்னு தெரியுது. அதனால சினிமா, கிரிக்கெட் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சாச்சு, கோவிச்சுக்காதீங்க.

கே: ஒரு நாட்டுக்காரங்க அவங்களுக்குள்ளயே அடிச்சுக்கிட்டு சாகுறாங்க. வலுவான நாடு ஒண்ணு படையோட போயி விலக்கி விட்டா என்ன சார் தப்பு? எதுக்கெடுத்தாலும் ஏகாதிபத்தியம்னு கத்துறாங்களே?

ப: போறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், போயே ஆகணும்ங்கிற நேரமும் வந்திருக்கு, அதுக்குப் பின்னால வரேன். ஆனா போற படை எல்லாம் முதல் நாள் சொல்ற வசனம் ஒண்ணுதான், "நாங்க யாரு பக்கமும் இல்ல". ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சுப் பாத்தா ஏதோ ஒரு பக்கம் நின்னு சுட்டுக்கிட்டு இருப்பாங்க. அவங்க பொய் சொன்னாங்கன்னு இல்ல, உள்நாட்டுப் போர்ல நடுவுல நிக்கறதுக்கு இடமே கிடையாது. ஏர்போர்ட்டுக்கு காவல் நின்னா அரசாங்கத்துக்கு லாபம், ஒரு ரோட்டைத் திறந்து விட்டா அந்த ரோட்டு வழியா ஆயுதம் வர்றவனுக்கு லாபம், அடுத்தவன் கண்ணுக்கு நீங்க எதிரி ஆயிடுறீங்க.

லெபனானைப் பாருங்க. 1982ல இஸ்ரேல் படை பெய்ரூட் வரைக்கும் வந்துடுச்சு, அங்க இருந்த பாலஸ்தீனப் போராளிகளை பத்திரமா வெளிய அனுப்பி வைக்கணும்னு அமெரிக்கா, பிரான்ஸ், இத்தாலி மூணும் படை அனுப்புச்சு. அனுப்பி வச்சுட்டு செப்டம்பர்ல கிளம்பியும் போயிட்டாங்க. போன சில நாள்லயே ஜனாதிபதியா தேர்வான பஷீர் ஜெமாயேலைக் கொன்னாங்க, அதைத் தொடர்ந்து சப்ரா, ஷட்டிலா முகாம்ல படுகொலை, உடனே படை திரும்ப வந்துச்சு. வந்தது அமைதி காக்கத்தான். ஆனா 1983 செப்டம்பர்ல சூக் அல் கர்ப்ங்கிற மலை ஊர்ல லெபனான் ராணுவம் திணறுறப்ப, அமெரிக்கக் கப்பல்ங்க கடல்ல இருந்து ராணுவத்துக்கு ஆதரவா குண்டு போட்டுச்சு, அன்னையோட நடுநிலை போச்சு. அடுத்த மாசம் 23ஆம் தேதி, ஞாயித்துக்கிழமை விடியக்காலை, வெடிமருந்து ஏத்துன ஒரு லாரி கேட்டைத் தாண்டி அமெரிக்க மரீன் படை தூங்கிட்டிருந்த கட்டடத்துக்குள்ள புகுந்து வெடிச்சுது, 241 பேர் காலி. சில நிமிஷத்துல பிரெஞ்சு முகாம்லயும் வெடிச்சு 58 பேர் செத்தாங்க. இதுல கொடுமை என்னன்னா, கேட்ல நின்ன காவலாளிங்க துப்பாக்கியில தோட்டா மாட்டியே இல்ல. "நாம அமைதிப்படை, துப்பாக்கியை லோட் பண்ணாம வச்சிரு"ன்னு உத்தரவு. கப்பல்ல இருந்து மலைமேல பீரங்கி அடிக்கலாம், கேட்ல மட்டும் அமைதிப்படை! நாலு மாசத்துல, 1984 பிப்ரவரியில, அமெரிக்கா மரீன் படையை வாபஸ் வாங்கிடுச்சு. லெபனான் போர் 1990 வரைக்கும் ஓடுச்சு.

கே: 'நோ ஃப்ளை ஸோன்' அறிவிக்கணும்னு டிவி விவாதத்துல ஈஸியா சொல்றாங்க. அப்படின்னா விமானம் பறக்கக் கூடாதுன்னு ஒரு போர்டு வைக்கிறதா?

ப: போர்டு வச்சா எவன் கேப்பான். வானத்துல உங்க விமானம் நிம்மதியா சுத்தணும்னா கீழ இருந்து எவனும் சுடக் கூடாது, அதனால முதல் வேலையா அந்த நாட்டோட ராடார், விமான எதிர்ப்பு ஏவுகணை, ரன்வே எல்லாத்தையும் குண்டு போட்டு அழிக்கணும். அதாவது நோ ஃப்ளை ஸோன்னா போர்ங்கிறதுக்கு இன்னொரு பேர். அறிவிக்கச் சொல்றவங்க இதைச் சொல்றதில்ல.

2011 லிபியாவே உதாரணம். பிப்ரவரியில பெங்காசியில ஆரம்பிச்ச போராட்டம் சில நாள்லயே ஆயுதக் கிளர்ச்சியாச்சு, லிபியாவை ஆண்ட கடாஃபியோட டாங்கிங்க பெங்காசி எல்லை வரைக்கும் வந்துடுச்சு. மார்ச் 17 அன்னிக்கு ஐ.நா. பாதுகாப்பு சபை 1973ங்கிற எண் போட்ட தீர்மானத்தை நிறைவேத்துச்சு. பொதுமக்களைக் காப்பாத்த தேவையான எல்லா நடவடிக்கையும் எடுக்கலாம், ஆனா அந்நியப் படை மண்ணுல இறங்கி ஆக்கிரமிக்கக் கூடாது, இதான் அதோட சாரம். ரெண்டே நாள்ல, 19ஆம் தேதி, பிரெஞ்சு விமானங்க பெங்காசிக்கு வெளிய வந்துக்கிட்டிருந்த டாங்கிகளை அடிச்சு எரிச்சுது. அதோட நின்னிருந்தா இன்னிக்கு பாடப்புத்தகத்துல நல்ல உதாரணமா வந்திருக்கும்.

நிக்கல. மார்ச் 31ல இருந்து, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுங்களும் சேந்த ராணுவக் கூட்டணியான நேட்டோ பொறுப்பு எடுத்துக்கிச்சு, அக்டோபர் கடைசி வரைக்கும் சுமார் 26,000 தடவை விமானம் பறந்துச்சு, அதுல 9,600க்கு மேல தாக்குதல் நோக்கத்தோட போனது. மக்களைக் காப்பாத்தறதுன்னா மக்களை மிரட்டறவனைத் தடுக்கணும், மிரட்டறவன் கடாஃபி, அப்ப கடாஃபி போகணும், இப்படி ஒவ்வொரு படியா ஏறி கடைசியில ஆட்சி மாத்தற போரா ஆயிடுச்சு, தீர்மானத்துல அப்படி ஒரு வரி கூட கிடையாது. ஆகஸ்ட்ல திரிபோலி விழுந்துச்சு. அக்டோபர் 20 சிர்த் ஊர்ல இருந்து தப்பிச்சுப் போன கடாஃபியோட வண்டி வரிசையை நேட்டோ விமானம் அடிச்சுது, அவர் ரோட்டுக்கு அடியில போற ஒரு வடிகால் குழாய்க்குள்ள ஒளிஞ்சாரு, கிளர்ச்சிக்காரங்க இழுத்து வெளிய போட்டு அடிச்சுக் கொன்னாங்க, அது செல்போன் வீடியோவா உலகம் பூரா சுத்துச்சு.

பதினோரு நாள்ல நேட்டோ கடையைக் கட்டிடுச்சு. ஆயுதக் கிடங்கெல்லாம் திறந்து கிடந்துச்சு, ஊருக்கு ஒரு ஆயுதக்குழு. கடாஃபி கிட்ட வேலை பாத்த துவாரெக்ங்கிற பாலைவன இனத்து ஆளுங்க துப்பாக்கியோட மாலிக்குத் திரும்பிப் போயி 2012ல அங்க கலகம் பண்ண, 2013 ஜனவரியில மாலியைக் காப்பாத்த பிரான்சே படை அனுப்ப வேண்டி வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, லிபியாவுல முதல் குண்டு போட்டதும் அதே பிரான்ஸ்தான். லிபியாவுல 2014ல ரெண்டாவது உள்நாட்டுப் போர், ரெண்டு அரசாங்கம். 2019ல கிழக்கு லிபியாவைக் கையில வச்சிருந்த தளபதி ஹஃப்தார் திரிபோலி மேல படையெடுக்க, அவருக்குத் துணை ஐக்கிய அரபு எமிரேட்ஸ், எகிப்து, ரஷ்யாவோட வாக்னர் கூலிப்படை, திரிபோலி அரசாங்கத்துப் பக்கம் துருக்கி ட்ரோனும் சிரியாவுல இருந்து கூட்டிட்டு வந்த ஆளுங்களும். 2020 அக்டோபர்ல போர்நிறுத்தம். 2021 டிசம்பர்ல நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவே இல்ல.

கே: லிபியா பத்துன அந்த ஐ.நா. ஓட்டெடுப்புல இந்தியா ஏன் நழுவுச்சு? தைரியம் இல்லையா?

ப: பத்து ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம், அஞ்சு நாடு ஓட்டு போடல. இந்தியா, பிரேசில், ரஷ்யா, சீனா, ஜெர்மனி. நேட்டோவுல இருக்குற ஜெர்மனியே ஒதுங்கிச்சுங்கிறதை மறந்துடாதீங்க. அங்க இருந்த இந்தியர்களை, கிட்டத்தட்ட 15,000 பேருக்கு மேல, கப்பல்லயும் விமானத்துலயும் கூட்டிட்டு வந்த கையோட நடந்த ஓட்டு அது. நழுவல்னு நீங்க சொல்லலாம், எனக்கு அது புத்திசாலித்தனமாத்தான் தெரியுது. ஆனா ரஷ்யாவும் சீனாவும் நினைச்சிருந்தா வீட்டோ போட்டுத் தடுத்திருக்கலாம், தடுக்காம விட்டுட்டு அப்புறம் ஏமாத்திட்டாங்கன்னு புலம்பினாங்க. அந்தக் கோவத்தோட விலையைக் கட்டுனது சிரியா ஜனங்க. 2011 அக்டோபர்ல சிரியா அரசைக் கண்டிக்கிற ஒரு சாதாரண தீர்மானத்துக்கே ரெண்டு நாடும் வீட்டோ போட்டுச்சு, அதுக்கப்புறமும் வரிசையா.

கே: அரசாங்கமே கூப்பிட்டா வெளிநாட்டுப் படை வர்றது சட்டப்படி சரிதானே? சிரியாவுக்கு ரஷ்யா அப்படித்தானே வந்துச்சு?

ப: சட்டப்படி கூப்பிட்டு வர்றதுக்கு மதிப்பு இருக்கு, உண்மை. 2015 செப்டம்பர் 30ல இருந்து ரஷ்ய விமானங்க சிரியா அதிபர் ஆசாத்தைக் காப்பாத்துச்சு. ஆனா சொந்தக் கால்ல நிக்கப் பழகாத ஆட்சி, தாங்கிப் பிடிச்ச கை நகர்ந்தா என்ன ஆகும்? ரஷ்யா உக்ரைன்ல மாட்டிக்கிட்டு, ஆசாத்துக்குத் துணை நின்ன லெபனான் இயக்கம் ஹிஸ்புல்லாவும் அடி வாங்கி நொந்து போயிருந்த நேரத்துல, 2024 நவம்பர் கடைசியில கிளர்ச்சிக்காரங்க கிளம்பினாங்க, டிசம்பர் 8 ஆசாத் மாஸ்கோவுக்கு ஓட்டம். ரெண்டு வாரம் கூட ஆகல.

கூப்பிடறதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு, வர்றவன் உங்களைக் காப்பாத்தத்தான் வரான்னு என்ன நிச்சயம்? ஆப்கானிஸ்தான் அதிபர் ஹஃபிசுல்லா அமீன் சோவியத் படையை அனுப்புங்கன்னு திரும்பத் திரும்பக் கேட்டவரு. 1979 டிசம்பர்ல படை வந்துச்சு. 27ஆம் தேதி அவர் அரண்மனையில மதிய விருந்து, சாப்பாட்டுல சோவியத் உளவுத்துறை விஷம் வச்சிருச்சு. அமீன் மயங்கி விழ, விஷயமே தெரியாத சோவியத் டாக்டர்ங்க ஓடி வந்து கஷ்டப்பட்டு உயிரைக் காப்பாத்தினாங்க. அன்னிக்கு சாயங்காலமே சோவியத் கமாண்டோ புகுந்து அவரைச் சுட்டுக் கொன்னுட்டு, தனக்கு வேண்டிய பப்ராக் கர்மாலை பதவியில உக்கார வச்சுது. உலகத்துக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? ஆப்கன் அரசாங்கம் கூப்பிட்டுச்சு, அதான் வந்தோம்!

கே: அடுத்த நாட்டுக் கதையெல்லாம் விலாவாரியா சொல்றீங்க. இந்திய அமைதிப்படை இலங்கையில பண்ணதைப் பத்தி மட்டும் எப்பவும் ஏன் தப்பிச்சு ஓடறீங்க?

ப: ஓடல, உக்காந்துதான் எழுதறேன். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனேவும். ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டியது புலிகளும் மத்த இயக்கங்களும், அவங்க யாரும் கையெழுத்து போடல. என் கணக்குல எல்லா வினையும் அங்கேயே ஆரம்பம். சண்டை போடறவன் ஒருத்தன், உடன்படிக்கை பண்றவன் வேற ஒருத்தன், அதை அமல்படுத்தப் போற சிப்பாய் மூணாவது ஆளு. அடுத்த நாளே கொழும்பு அணிவகுப்புல ஒரு இலங்கைக் கடற்படை சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால ராஜீவை அடிச்சான், அதுலயே தெரிஞ்சிருக்கணும் தெற்குல இந்த ஏற்பாட்டுக்கு என்ன வரவேற்புன்னு.

வந்த புதுசுல யாழ்ப்பாணத்துல மாலை போட்டுத்தான் வரவேற்றாங்க. நம்மளைக் காப்பாத்த இந்தியா வந்திருக்குன்னு ஜனங்க நம்பினாங்க. ரெண்டு மாசம் கூட தாங்கல. செப்டம்பர்ல நல்லூர் கோயில் வீதியில புலிகள் இயக்கத்து திலீபன் தண்ணி கூட குடிக்காம உண்ணாவிரதம் இருந்து 26ஆம் தேதி செத்துப் போனாரு, கூடியிருந்த ஜனம் அழுத அழுகையில பாதி கோவம் இந்தியா மேல. அக்டோபர்ல கடல்ல பிடிபட்ட புலிகள் 17 பேரை கொழும்புக்குக் கொண்டு போகணும்னு இலங்கை அரசு அடம் பிடிக்க, பலாலி தளத்துல வச்சு சயனைடு கடிச்சு 12 பேர் செத்தாங்க. அடுத்து போர்தான். அக்டோபர் 11 ராத்திரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்துல ஹெலிகாப்டர்ல இறக்கி விட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி சிப்பாய்ங்க 30 பேர், உதவி வராம நாலாப் பக்கமும் சுத்தி வளைக்கப்பட்டு, 29 பேர் செத்தாங்க, ஒருத்தர் மட்டும் உயிரோட பிடிபட்டாரு. பத்து நாள் கழிச்சு 21ஆம் தேதி, தீபாவளி அன்னிக்கு, இந்திய சிப்பாய்ங்க யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சு சுட்டதுல டாக்டர், நர்ஸ், நோயாளின்னு 60 பேருக்கு மேல செத்துப் போனாங்க. இந்த ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லணும், ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைக்கிறவங்களைத்தான் நாப்பது வருஷமா பாத்துட்டு இருக்கோம்.

தெற்குல சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. இந்தியாவை எதிர்த்து கலவரம், 1989ல ஜனாதிபதி பதவிக்கு வந்த பிரேமதாசா படையை வெளிய போகச் சொல்லி கெடு வச்சதோட நிக்காம புலிகளுக்கே ஆயுதமும் குடுத்தாரு. கூப்பிட்ட அரசாங்கமே, எதிராளிக்கு துப்பாக்கி குடுத்து வந்தவனைச் சுடச் சொன்ன கதை வேற எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? 1990 மார்ச் 24 கடைசி ஆளும் கப்பல் ஏறுறதுக்குள்ள சுமார் 1,200 இந்திய சிப்பாய்ங்க உயிர் போயிருந்துச்சு, செத்த தமிழ் ஜனங்களோட கணக்கை யாரும் ஒழுங்கா எடுக்கக்கூட இல்ல. திரும்பி வந்த படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகல. சரியா தப்பான்னு இன்னிக்கும் டீக்கடையில சண்டை நடக்குது. மிச்சம் என்னன்னு கேட்டா, மாகாணங்களுக்கு அதிகாரம் குடுக்குற 13ஆவது திருத்தம்னு ஒண்ணு இலங்கை அரசியல் சட்டத்துல இருக்கு, மாகாண சபைங்க இருக்கு, சேர்த்து வச்ச வடக்கு கிழக்கை 2006ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிப் பிரிச்சாச்சு.

கே: எத்தனை நாள்ல முடியும்னு இவங்க கணக்கு போடவே மாட்டாங்களா?

ப: போடுவாங்களே! 2015 மார்ச் 26 சவுதி கூட்டணி ஏமன்ல தலைநகரைப் பிடிச்சு வச்சிருந்த ஹூதி கிளர்ச்சிக்காரங்க மேல குண்டு போட ஆரம்பிச்சுது. நாலு வாரத்துல, ஏப்ரல் 21, "நடவடிக்கை வெற்றிகரமா முடிஞ்சது"ன்னு அறிவிச்சாங்க, கையோட வேற பேர்ல அடுத்த நடவடிக்கை. பெரிய அளவுல சண்டை நின்னது 2022 ஏப்ரல் போர்நிறுத்தத்துல. தலைநகர் சனா அப்பவும் ஹூதிக்காரங்க கையிலதான் இருந்துச்சு.

கே: நல்லபடியா முடிஞ்ச உதாரணம் ஒண்ணு கூடவா இல்ல? போகாமயே இருந்துட்டா மட்டும் நல்லதா?

ப: ரெண்டு கேள்வி, ரெண்டாவதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். போகாம இருந்தா ருவாண்டா. 1994 ஏப்ரல்ல டுட்சி இனத்தவரை ஹூட்டு தீவிரவாதிங்க கொல்ல ஆரம்பிச்சப்ப அங்க சுமார் 2,500 ஐ.நா. சிப்பாய்ங்க இருந்தாங்க. பெண் பிரதமருக்கு காவல் நின்ன பெல்ஜியம் சிப்பாய்ங்க 10 பேரைக் கொன்னதும் பெல்ஜியம் மூட்டை கட்டிடுச்சு. கிகாலியில ஒரு தொழிற்பள்ளியில சுமார் 2,000 பேர் ஐ.நா. கொடியை நம்பி தஞ்சம் இருந்தாங்க, ஏப்ரல் 11 பெல்ஜியம் வண்டிங்க கிளம்புறப்ப ஜனங்க முன்னால விழுந்து மறிச்சாங்க, வானத்தைப் பாத்து சுட்டு விலக்கிட்டு போயிட்டாங்க. அன்னிக்கே அதுல பெரும்பாலான பேரைக் கொன்னுட்டாங்க. பத்து நாள்ல பாதுகாப்பு சபை என்ன முடிவு எடுத்துச்சு? இருக்குற படையை 270 பேரா குறைக்கச் சொல்லுச்சு. நூறு நாள்ல செத்தது சுமார் 8 லட்சம். வெளிநாட்டுப் படைன்னாலே பாவம்னு பேசுறவங்க இதுக்கு ஒரு பதில் வச்சுக்கிட்டுப் பேசணும்.

நல்லா முடிஞ்சதுக்கு நான் சொல்றது மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்குற சியரா லியோன். 2000 மே மாசம் கிளர்ச்சிக்காரங்க ஐ.நா. சிப்பாய்ங்க ஐநூறு பேர் கிட்ட பிடிச்சு வச்சுட்டாங்க, மானமே போச்சு. பிரிட்டன் முதல்ல இறக்குனது சில நூறு பேர்தான், அவங்க வேலை லுங்கி ஏர்போர்ட்டையும் தலைநகர் ஃப்ரீடவுனையும் விழாம பாத்துக்கறது. ஜூலையில கைலாஹுன்ல முற்றுகையில மாட்டியிருந்த 220க்கு மேல இந்திய சிப்பாய்ங்களை நம்ம ஜெனரல் ஜெட்லி தலைமையில காட்டுக்குள்ள போயி மீட்டாங்க, ஆபரேஷன் குக்ரி. ஆனா துப்பாக்கியால மட்டும் முடியல. கிளர்ச்சிக்கு காசு வந்த வைர வியாபாரத்துக்குத் தடை போட்டாங்க, பக்கத்து நாடான லைபீரியாவுல இருந்து ஆயுதம் குடுத்த அந்த நாட்டு அதிபர் சார்ல்ஸ் டெய்லர் கழுத்தை நெருக்கினாங்க, ஐ.நா. படையை 17,500 வரைக்கும் ஏத்தினாங்க, ஆயுதத்தைக் குடுத்தவனுக்கு பணமும் தொழிலும் குடுத்தாங்க. 2002ல போர் முடிஞ்சது, தேர்தல் நடந்துச்சு, 2005 கடைசியில படை கிளம்பிடுச்சு. டெய்லருக்கு 50 வருஷ ஜெயில்.

1971 வங்கதேசத்தையும் சேத்துக்கலாம். ஒரு கோடி அகதிங்க வந்து நின்னாங்க, 13 நாள் போர், 1972 மார்ச்சுல நம்ம படை டாக்காவுல அணிவகுப்பு நடத்திட்டு திரும்பி வந்துடுச்சு. அங்க வேலை சுலபமா முடிஞ்சதுக்குக் காரணம், அந்த ஜனங்க தேர்ந்தெடுத்த தலைமை ஏற்கனவே தயாரா இருந்துச்சு. யாரு ஆளணும்னு தீர்ந்த இடத்துக்குப் போன படை சீக்கிரம் வரும், அதைத் தீர்க்கறதுக்கே போன படை வராது.

கே: ஐ.நா. சிப்பாய்க்கு சம்பளம் யாரு குடுக்கறா?

ப: ஐ.நா.வுக்கு சொந்தமா ஒரு சிப்பாய் கூட கிடையாது. நாடுங்க அனுப்பும், ஆளுக்கு மாசம் 1,400 டாலருக்கு கொஞ்சம் மேல (2022 கணக்கு) ஐ.நா. அந்த நாட்டு அரசாங்கத்துக்குக் குடுக்கும், சிப்பாய்க்கு அவன் நாட்டு சம்பளம். நிறைய ஆள் அனுப்பறது நேபாளம், ருவாண்டா, வங்கதேசம், இந்தியா. தீர்மானம் எழுதறவங்க பெரும்பாலும் வேற நாட்டுக்காரங்க.

கே: சூடான்ல இவ்வளவு சாவு. ஒரு நாடு கூட ஏன் சார் போகல?

ப: போகலைன்னு யாரு சொன்னா? சீருடை போட்டுப் போகல, அவ்வளவுதான். 2021ல சேந்து ஆட்சியைப் பிடிச்ச ரெண்டு ஜெனரல்ங்க, ராணுவத் தளபதி புர்ஹானும் துணைப்படைத் தலைவர் ஹெமெட்டியும், 2023 ஏப்ரல் 15ல இருந்து ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கறாங்க. ராணுவத்துக்கு எகிப்து துணை. ஹெமெட்டி பக்கத்துக்கு ஆயுதம் எமிரேட்ஸ்ல இருந்து வருதுன்னு சூடான் சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, எமிரேட்ஸ் மறுத்துச்சு, விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லன்னு 2025 மே மாசம் கோர்ட் தள்ளிடுச்சு. மேற்கு சூடான்ல இருக்குற தார்பூர்ல ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒன்றியமும் சேந்து வச்சிருந்த படை 2020 டிசம்பர் 31ஓட முடிஞ்சு போச்சு. வீட்டை விட்டு ஓடினவங்க ஒரு கோடியே 20 லட்சத்துக்கு மேல. ஒன்றரை வருஷம் முற்றுகையில பட்டினி கிடந்த தார்பூரோட எல் ஃபாஷர் நகரம் 2025 அக்டோபர்ல ஹெமெட்டி படை கையில விழுந்துச்சு, அப்புறம் வந்த படங்களை நீங்களே பாத்திருப்பீங்க.

இப்ப புதுசா ஒரு அந்நியப் படை போயி நடுவுல நின்னா அதையும் ரெண்டு பக்கமும் சுடுவாங்க, அதனால நான் அதைக் கேக்கல. ஆயுதம் வர்ற வழியையும் போருக்குக் காசு தர்ற தங்கம் போற வழியையும் அடைங்க, சியரா லியோன்ல வைரத்துக்குப் பண்ண மாதிரி. ஐ.நா. ஆயுதத் தடை 2004ல இருந்து தார்பூருக்கு மட்டும்தான் இருக்கு, நாடு முழுக்க இல்ல. ஜனங்களைக் காப்பாத்துங்க, சண்டையை நிறுத்துங்கன்னு 2024 நவம்பர்ல பாதுகாப்பு சபையில பிரிட்டன் ஒரு தீர்மானம் கொண்டு வந்துச்சு, கூட சேந்து எழுதுன நாடு எது தெரியுமா, அதே சியரா லியோன். 14 நாடு ஆதரவு, ரஷ்யா மட்டும் வீட்டோ.